பூட்டிய வீடும் காவலிருப்போரும்

பிறருடைய வீட்டிலே துயின்று, பிறருடைய நாயை உலாவ அழைத்துச் சென்று, பிறருடைய செடிகளுக்கு நீர் வார்த்து, வீட்டுக்காரர் திரும்பிவரும் நாளிலே படுக்கை விரிப்பைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, அடுத்த ஊருக்குப் பெட்டியைத் தூக்குகின்ற வாழ்க்கையொன்று இன்று இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெருகியுள்ளது. வாடகை இல்லை, சம்பளமும் இல்லை. சிலர் விடுமுறைக் காலத்தில் மட்டும் இதனைச் செய்கின்றனர். வேறு சிலரோ சொந்தக் குடியிருப்பையே துறந்து, ஆண்டு முழுவதையும் இவ்வாறு கழிக்கின்றனர். 2010 இல் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரிலே தோன்றிய 'ட்ரஸ்டட் ஹவுஸ்சிற்றர்ஸ்' என்னும் ஸ்தாபனம் இரு தரப்பாரிடமும் ஆண்டுச் சந்தா பெற்று அவர்களை இணைத்துவைக்கிறது. காவலிருப்பவருக்கு வீட்டுக்காரர் கூலி கொடுப்பதில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் அத்திவாரம்.

இதனைச் சுதந்திர வாழ்வென்று புகழ்வோர் உளர். அப்புகழ்ச்சியிலே உண்மை சற்றுமில்லை என்று நான் கூறமாட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, தனது ஓய்வூதியத்தைக் கொண்டு கனவிலும் வாடகைக்குப் பெறமுடியாத கடற்கரை வீடொன்றில், ஒரு பூனையின் துணையோடு ஒரு மாதம் வாழ்வது இன்பந்தான். ஆயினும் இது நேற்றுப் பிறந்த புதுமை என்று கொள்வது தவறு. ஆளில்லாத வீடு தோன்றிய காலந்தொட்டே அதற்குள் இருத்தப்பட்ட ஆளும் இருந்திருக்கிறார். அவருடைய கதையை இங்கிலாந்தின் சரித்திரத்திலே தேடுவது பொருத்தமாகும். தேவைக்கு மேற்பட்ட வீடுகளைத் தன்வசம் வைத்திருந்த ஒரு வர்க்கம் அங்கே நெடுங்காலம் ஆட்சி புரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரபு குடும்பத்துக்கு நாட்டுப்புறத்தில் ஒரு மாளிகை, இலண்டனில் ஒரு மாளிகை. பாராளுமன்றமும் விருந்துகளும் நடைபெறும் மாதங்களில் இலண்டன் வாழ்வு. ஒகஸ்ட் 12 இல் காட்டுக்கோழி வேட்டை ஆரம்பமாகுமுன் புறப்பாடு. அதன்பின் இலண்டன் மாளிகையின் யன்னல்கள் அடைக்கப்படும். கதிரை மேசைகளின்மேல் துணியுறைகள் போர்த்தப்படும். எசமானருக்கு இன்றியமையாத வேலைக்காரர் அவருடன் செல்வர். பின்னால் நிறுத்தப்பட்டவர்களுக்கு அடுக்களையிலிருந்து வழக்கமாகக் கிடைக்கும் உணவு நின்றுபோகும். அதற்கு ஈடாக உணவுக்காசு வழங்கப்படும். மேலே அறை அறையாக இருள் மண்டிக் கிடக்க, நிலவறைச் சமையற்கட்டிலே ஓர் அடுப்பு மாத்திரம் எரியும். அவ்வடுப்பருகே அமர்ந்திருந்தவர் தாம் காவல் செய்த மாளிகையின் நல்ல கதிரையொன்றில் உட்கார உரிமையற்றவர்.

வீடே கூலியின் ஒரு பங்காகக் கணிக்கப்பட்டதால் அவருடைய கூலி குறைந்தது. இதிலும் கொடியது சட்டத்தின் நோக்கு. வேலையின் நிமித்தம் ஒரு வீட்டில் வசிப்பவர் அவ்வீட்டின் குடியிருப்பாளர் ஆகார் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. வேலை போனால் கூரையும் போகும். பண்ணைத் தொழிலாளர் இந்த விலங்கை நெடுங்காலம் சுமந்தனர். அவர்களுடைய குடிசைகளுக்கு ஓரளவு பாதுகாப்பு அளித்த சட்டம் 1976 இல்தான் நிறைவேறியது. நமது மலைநாட்டு லயன்களை அறிந்தவருக்கு இக்கொள்கையை விளக்க வேண்டியதில்லை. அதனை அங்கே கொண்டுவந்து நட்டவர்களும் ஆங்கிலத் துரைமாரே.

துரைமாரைப் பற்றிய பேச்சு வந்ததனால் இன்னொன்றையும் கூறலாம். குடியேற்ற நாடுகளில் உத்தியோகம் பார்த்தவர்களின் பிள்ளைகள் இங்கிலாந்திலே விடுதிப் பாடசாலைகளில் விடப்பட்டனர். அப்பிள்ளைகளைப் புகைவண்டி நிலையத்தில் எதிர்கொள்ளவும் விடுமுறையில் கவனிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. முதலாம் உலக யுத்தத்தின் பின், 1921 இல், கேட்றூட் மக்லீன் என்னும் பெண்மணி இலண்டனிலே 'யூனிவேர்சல் ஆன்ட்ஸ்', அதாவது அனைவர்க்கும் அத்தைமார், என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். பிள்ளைகளுக்கு வழித்துணை, வீட்டை அலங்கரித்தல், குடியேற்ற நாடுகளிலுள்ளோருக்காகக் கடைக்குச் செல்லுதல் முதலியன அதன் பணிகள். யுத்தத்தின் பின் வருமானத்துக்கு வழி தேடிய நடுத்தர வர்க்கப் பெண்கள் அங்கே வேலை பெற்றனர். அத்தை அன்பினால் செய்த வேலை இவ்வாறு கடைச்சரக்காயிற்று. இதனை நான் இழிவாகக் கூறவில்லை. அன்பு என்ற பெயரில் கூலியில்லாது பெற்ற உழைப்புக்கு ஒரு விலை உண்டென்பதை அந்தப் பெண்கள் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளச் செய்தனர். இன்று அதே சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுதான் வேடிக்கை.

வளர்ப்பு மிருகங்களின் கதை வேறு. வீட்டைப் பூட்டலாம், நாயைப் பூட்டிவிட்டுப் போக இயலாது. இரண்டாம் உலக யுத்தம் மூண்ட 1939 செப்டெம்பரின் முதல் வாரத்தில் இலண்டனில் மட்டும் ஏறக்குறைய 4,00,000 நாய்களும் பூனைகளும் அவற்றை வளர்த்தவர்களாலேயே கொல்லக் கொடுக்கப்பட்டன என்று கணக்கிடப்பட்டுள்ளது. நகரத்தின்மீது அப்பொழுது ஒரு குண்டேனும் விழவில்லை. பெருங் குண்டுவீச்சு ஆரம்பமானது ஓராண்டின் பின்னரே. மிருகங்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்புங்கள், அயலாரிடம் ஒப்படைக்க முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்ற கருத்துப்பட உத்தியோகபூர்வமான துண்டுப்பிரசுரம் ஒன்று அதற்கு முன்னரே பரவியிருந்தது. பொதுப் பதுங்கிடங்களில் மிருகங்களுக்கு இடமில்லை. வெளியூருக்கு அனுப்பப்பட்ட சிறுவர் நாயைக் கூட்டிச் செல்ல அனுமதியில்லை. ஹமில்டன் கோமகள் வில்ட்ஷயரிலுள்ள தமது பேர்ண் மாளிகையை மிருகங்களின் புகலிடமாக்கி நூற்றுக்கணக்கானவற்றைக் காப்பாற்றினார், அது நற்செயலே. ஆனால் ஒரு கோமகளின் இரக்கத்தையும் அயலாரின் தயவையும் தவிர அந்நகரத்து ஏழைக்கு வேறு ஏற்பாடு இருக்கவில்லை. சிகிச்சை நிலையங்களின் வாசலிலே நீண்ட வரிசைகளில் அவர்கள் தம் பிராணிகளோடு நின்றனர்.

யுத்தம் முடிந்ததும் வீட்டின் முறை வந்தது. குண்டு விழுந்து வீடிழந்த குடும்பங்கள் உறவினரின் அறைகளில் நெருக்குண்டு கிடக்க, இலண்டனின் மேற்குப் பகுதியிலே செல்வருக்கான மாடிக் குடியிருப்புகள் வெறுமையாக நின்றன. 1946 கோடையில் பொதுசனம் கைவிடப்பட்ட இராணுவ முகாம்களுக்குள் தாமாகவே குடிபுகுந்தனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்துக்குள் அவர்களின் தொகை ஏறக்குறைய 40,000 ஆயிற்று. செப்டெம்பர் 8 இல் கொம்யூனிஸ்ட் கட்சியினரின் தலைமையிலே கென்சிங்டனிலிருந்த 'டச்சஸ் ஒவ் பெட்போட் ஹவுஸ்' என்னும் பெருங்கட்டடத்துள் குடும்பங்கள் குழந்தைகளோடும் படுக்கைகளோடும் நுழைந்தன. அப்பொழுது ஆட்சியிலிருந்தது தொழிற் கட்சி என்பதை மறக்கலாகாது. ஐந்து தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். பன்னிரண்டு நாட்களில் குடும்பங்கள் வெளியேறின. அதன்பின் வெற்று வீட்டுக்குக் காவல் என்பது திருடனைத் தடுப்பது மாத்திரமன்று, வீடற்றவனைத் தடுப்பதுமாயிற்று.

ஒல்லாந்திலே இது வெளிப்படையான தொழிலாகவே வளர்ந்தது. அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1914 இல் அளித்த தீர்ப்பின்படி, ஒரு கட்டிலும் மேசையும் கதிரையும் வைத்து வாழத் தொடங்கியவனைச் சொந்தக்காரன் தானாக வெளியே எறிய இயலாது. 1980 ஆம் ஆண்டளவில் அம்ஸ்ரடாமில் வெற்று வீடுகளைக் கைப்பற்றும் இயக்கம் ஓங்கியபோது, சொந்தக்காரர்கள் மாற்று மருந்தொன்று கண்டனர்: மாணவரையும் இளைஞரையும் மலிவான கட்டணத்துக்குக் குடியிருத்தி, குறுகிய அறிவித்தலில் வெளியேற்றும் ஒப்பந்தம். வீடற்றவனைக் கொண்டே வீடற்றவனைத் தடுத்தார்கள். வெற்று வீட்டில் குடிபுகுதலை அந்நாடு 2010 ஒக்டோபர் 1 இல் குற்றமாக்கியது. குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை இங்கிலாந்து 2012 செப்டெம்பர் 1 இல் அவ்வழியே சென்றது.

நாய்பூனைக் காவலரின் இன்றைய பெருக்கத்துக்கு இவற்றோடு சிறு காரணங்களும் உண்டு. அந்நிய நாட்டிலிருந்து திரும்பும் நாய் ஆறு மாதம் தனித்து அடைக்கப்பட வேண்டுமென்ற விசர்நாய்க்கடித் தடுப்பு விதி பிரித்தானியாவில் 2000 வரை பொதுவாக நிலவியது. ஆகவே விடுமுறைக்குப் பிரான்சுக்குப் போகிறவரும் நாயை வீட்டில் விட்டாக வேண்டும். வீடு 30 நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால் காப்புறுதி நிறுவனங்கள் பல தம் பொறுப்பைச் சுருக்கிக்கொள்கின்றன. விமானக் கட்டணமும் மலிந்தது. எதிர்ப்பக்கத்தில் வாடகையோ ஏறிக்கொண்டே போயிற்று. இரண்டு பக்கமும் சந்தித்த இடத்திலேதான் பெட்டியுடன் அலையும் நமது காவலர் நிற்கிறார்.

அவர் செய்வது வேலையா, நட்பா? இணைத்துவைக்கும் ஸ்தாபனங்கள் பரிமாற்றம் என்கின்றன. இன்சுலின் ஊசி போடவேண்டிய முதிய பூனை, விடியற்காலை ஐந்து மணிக்குக் குரைக்கும் நாய், உறைந்து வெடிக்கும் தண்ணீர்க் குழாய் இவற்றையெல்லாம் நட்பென்ற சொல்லுக்குள் அடக்கலாம். குடிவரவு அதிகாரிகள் அவ்வாறு அடக்குவதில்லை. 2022 இல் அமெரிக்க விமான நிலையமொன்றில் அவுஸ்திரேலியப் பயணி ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். தங்குமிடத்துக்காகப் பூனையைப் பராமரிப்பது, காசு கைமாறாவிட்டாலும், வேலையே என்பது அதிகாரிகளின் வாதம். உழைப்பாளியின் உரிமை என்று வரும்பொழுது வேலையன்று. எல்லையைக் கடக்கும்பொழுது வேலை!

ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் இவ்வாழ்வின் உள்முகம் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் பயணத்தை இரத்துச் செய்கிறார். அடுத்த வீடு வெள்ளிக்கிழமைதான் திறக்கும். நடுவிலே நான்கு இரவுகள். நண்பர் வீட்டு இருக்கை, மலிவு விடுதி, சில வேளைகளில் கார். கடிதங்கள் சகோதரியின் விலாசத்துக்குப் போகின்றன. வைத்தியரிடம் பெயரைப் பதிவதற்கும் வங்கிக்கும் ஒரு விலாசம் கேட்கப்படுகிறது. தேர்தல் வந்தால், நிலையான விலாசமற்ற பிரித்தானியர், தாம் அதிக நேரம் கழிக்கும் அல்லது தமக்குத் தொடர்புள்ள ஓரிடத்தைக் குறிப்பிட்டு ஒரு பிரகடனப் படிவத்தை நிரப்பலாம். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2000 ஆம் ஆண்டுச் சட்டம் வீடற்றோருக்காக ஏற்படுத்திய படிவம் அது. கடற்கரை வீட்டிலே பூனைக்குக் காவலிருப்பவரும் தெருவோரத்தில் துயில்பவரும் அதே படிவத்திலேதான் கையொப்பமிடுகின்றனர்.