ஒரு தடவை கிழிச்சா எப்பவுமே கிழிக்கணுமா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது பாதி உண்மை. மீதி உண்மை, இது எனக்கு ஏழாவது மாசம். ரெண்டாவது. வாழ்த்துறவங்க எல்லாம் வரிசைல வந்து வாழ்த்திட்டு மேல படிங்க :-)

பெரியவளுக்கு மூணு வயசு ஆகப்போகுது. கடைசி வரைக்கும் தலையை மேல வச்சுக்கிட்டு வயித்துக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்திருந்த மகராசி அவ. அதனால சிசேரியன். அதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. போன மாசம் செக்கப்புக்குப் போனப்ப, "இந்தத் தடவை நார்மலுக்கு முயற்சி பண்ணலாமா டாக்டர்?"னு கேட்டேன். அவங்க ஃபைல்ல இருந்து தலையைத் தூக்காமலே, "முதல்ல சிசேரியன்னா ரெண்டாவதும் சிசேரியன்தாம்மா. நல்ல நாள் பாத்துட்டு வந்து சொல்லுங்க"ன்னாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னா, அம்மா காலண்டரை எடுத்துட்டாங்க. "ஏட்டி, அதான் முதல்லயே கிழிச்சாச்சுல்லா. இனிமே எல்லாம் அப்படித்தான்." ரங்கமணியும், "டாக்டர் சொன்னா சரியாத்தான இருக்கும்"னு ஒதுங்கிட்டார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பழைய கோடுல "இதைத் தொடாதே"ன்னு ஒரு கமெண்ட் இருந்தா, யார் எழுதினது, எப்ப எழுதினது, எதுக்காக எழுதினதுன்னு பாக்காம தூக்கம் வராது. இந்த விதியையும் அப்படித்தான் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு பழைய கதை. ஜூலியஸ் சீசர் வயித்தைக் கிழிச்சுப் பிறந்தவர், அதனாலதான் சிசேரியன்னு பேர் வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்கல்ல? அது சரியில்லை. அவரோட அம்மா அவுரேலியா, மகன் வளர்ந்து படை நடத்துற வரைக்கும் உயிரோட இருந்தாங்க. ரோமாபுரியில அந்த வெட்டு, செத்துப்போன அல்லது சாகக் கிடந்த தாய் வயித்துல இருந்து பிள்ளையை எடுக்கத்தான். தாயும் பிழைக்கணும்ங்கிற எண்ணமே ரொம்பப் பின்னாடி வந்தது.

தாயும் பிள்ளையும் பிழைச்சதா சொல்லப்படுற ஒரு பழைய கதை சுவிட்சர்லாந்துல நடந்தது. 1500ஆம் வருஷம், யாகோப் நூஃபர்னு ஒருத்தர். தொழில் பன்னிகளுக்குக் காயடிக்கிறது. நாள் கணக்கா வலியில துடிச்ச மனைவிக்குத் தானே வயித்தைத் திறந்து பிள்ளையை எடுத்தாராம். அந்தம்மா பிழைச்சது மட்டுமில்ல, அதுக்கப்புறம் இரட்டைக் குழந்தையும் சேர்த்து இன்னும் ஐந்து பிள்ளைகளைச் சுகப்பிரசவமா பெத்தாங்களாம். கதை எழுத்துல வந்தது சுமார் 80 வருஷம் கழிச்சுத்தான், அதனால வரலாற்று ஆசிரியர்கள் நிறைய பேர் நம்புறதில்லை. ஆனா நிஜமா இருந்தா, சிசேரியனுக்கு அப்புறம் சுகப்பிரசவம் (டாக்டர்கள் 'வீபேக்'னு சொல்றாங்க) இந்த ஆபரேஷன் கூடவே பிறந்த விஷயம்!

அடுத்த முன்னூத்தி சொச்சம் வருஷம் படிக்கவே கஷ்டமா இருக்கு. கிருமின்னா என்னன்னு தெரியாது. இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஒண்ணு: கர்ப்பப்பையை வெட்டினா, அதைத் தைக்காமலே விட்டுடுவாங்களாம். அது தானா சுருங்கி மூடிக்கும், உள்ள தையல் போட்டா அப்புறம் பிரிக்க முடியாது, சீழ் பிடிக்கும்னு நம்பிக்கை. ரத்தப்போக்குலயும் சீழ்லயும் பெரும்பாலான பெண்கள் செத்தாங்க. 1865ல பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் சிசேரியன் ஆனவங்கள்ல 100க்கு 85 பேர் இறந்ததா கணக்கு இருக்கு.

1876ல இத்தாலியில பாவியா ஊர்ல எதுவார்தோ போர்ரோங்கிற டாக்டர் வேற வழி பிடிச்சார். பிள்ளையை எடுத்ததும் கர்ப்பப்பையையே வெட்டி எடுத்துட்டார். தாய் பிழைச்சாங்க. அந்தக் காலத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனா அடுத்த பிரசவம்ங்கிற பேச்சே கிடையாது. ஆறு வருஷம் கழிச்சு 1882ல ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல மாக்ஸ் சேங்கர்னு ஒரு இளம் டாக்டர், கர்ப்பப்பையை வெள்ளிக் கம்பியாலயும் பட்டு நூலாலயும் ஒழுங்காத் தைக்கணும்னு எழுதினார். அதுலதான் எல்லாம் மாறுச்சு.

அந்த வெள்ளிக் கம்பித் தையலுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1840கள்ல அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல மேரியன் சிம்ஸ்ங்கிற டாக்டர் அதைப் பழகினது அடிமைகளா இருந்த கறுப்பினப் பெண்கள் உடம்புல. மயக்க மருந்து கிடையாது. அனார்கா, பெட்சி, லூசின்னு மூணு பேரோட பேர் மட்டும் மிஞ்சியிருக்கு. என் வயித்துத் தையலுக்குப் பின்னாடி இவங்களும் இருக்காங்கன்னு தெரிஞ்ச ராத்திரி, எனக்கு லேசுல தூக்கம் வரலை.

சரி, தையல் வந்தாச்சு, தாய் பிழைச்சாச்சு, கர்ப்பப்பையும் உள்ளயே இருக்கு. அப்பத்தான் ஒரு புதுக் கேள்வி பிறக்குது. அடுத்த பிரசவத்துல அந்தத் தையல் தாங்குமா?

இப்ப நம்ம கமெண்டை எழுதினவர் வர்றார். எட்வின் கிராகின். நியூயார்க்ல பெரிய பிரசவ டாக்டர், பேராசிரியர். 1916ல நியூயார்க் மருத்துவ இதழ்ல வந்த அவரோட கட்டுரையிலதான் 'ஒருமுறை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்'ங்கிற விதி வருது. என் டாக்டர் தலையைத் தூக்காம சொன்னது நூறு வருஷத்துக்கு மேல பழசான அந்த வாசகத்தைத்தான்.

ஆனா அவர் அதை எதுக்குச் சொன்னார்னு பாருங்க. கட்டுரையே அவசரப்பட்டுக் கத்தி எடுக்காதீங்கன்னு டாக்டர்களுக்குச் சொல்றதுதான். இன்னிக்கு ஒரு பெண்ணைக் கிழிச்சா அவளோட அடுத்த பிரசவங்களுக்கும் அதே கதி வரலாம், அதனால முதல் வெட்டுக்கு முன்னாடி நல்லா யோசிங்கன்னு எச்சரிக்கை. விதிவிலக்கு நிறைய உண்டுன்னும் அவரே எழுதியிருக்கார். அவர்கிட்ட சிசேரியன் ஆன ஒரு பெண், அதுக்கப்புறம் மூணு பிள்ளைங்களைச் சுகப்பிரசவமா பெத்ததையும் அதே கட்டுரையில சொல்றார்! முதல் சிசேரியனைக் குறைக்கச் சொன்ன வாக்கியம், ரெண்டாவது சிசேரியனைக் கட்டாயமாக்குற சட்டமா மாறிடுச்சு. கமெண்டைப் பாதி மட்டும் படிச்சா இப்படித்தான் ஆகும்.

அந்தக் காலத்துக்கு அவர் பயந்ததுலயும் நியாயம் இருந்துச்சு. அப்ப வெட்டு கர்ப்பப்பையோட மேல் பாகத்துல நெட்டுக்குத்தா விழும். வலி வரும்போது பலமா இறுகிச் சுருங்குற சதை அதுதான். அங்க தழும்பு இருந்தா பிரியுற ஆபத்து அதிகம். ஆன்டிபயாட்டிக்கும் இல்ல, இன்னிக்கு மாதிரி ரத்த வங்கியும் இல்ல. 1920கள்ல ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ டாக்டர் மன்ரோ கெர், கீழ் பாகத்துல குறுக்கா வெட்டுற முறையை எடுத்துச் சொன்னார். கீழ் பாகம் மெலிசு, அவ்வளவா இறுகாது, தழும்பும் நல்லா ஆறும். கொஞ்சம் கொஞ்சமா உலகம் பூரா அதுக்கு மாறிடுச்சு. வெட்டு மாறுச்சு, விதி மட்டும் மாறல. ஹார்டுவேரை மாத்திட்டு பழைய டிரைவரையே ஓட்டுற மாதிரி.

அமெரிக்காவுல 1970ல 100க்கு 5.5 ஆ இருந்த சிசேரியன், 1980ல 16.5 ஆச்சு. அந்த வருஷம் அங்க அரசோட தேசிய சுகாதார நிறுவனம் ஒரு மாநாடு கூட்டி, கீழ் பாகத்துல குறுக்கு வெட்டு இருக்குறவங்க சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்றது நியாயமானதுதான்னு சொல்லுச்சு. நான்சி வெய்னர் கோஹன் மாதிரி, தானே சிசேரியன் ஆன பெண்களும் இயக்கமா கிளம்பினாங்க. 1980ல 100க்கு மூணு நாலு பேரா இருந்த வீபேக், 1996ல 28ஐத் தாண்டுச்சு.

சுபம் போட்டுடலாமா? அதான் இல்ல. இந்தத் தடவை மறுபக்கம் சாய்ஞ்சாங்க. செலவு மிச்சம்னு சில காப்பீட்டுக் கம்பெனிகள் எல்லாரையும் முயற்சி பண்ணச் சொல்லி நெருக்குச்சு. வலி வரவைக்க மருந்து குடுத்ததுல சில கர்ப்பப்பைகள் பிரிஞ்சுது. 2001ல வாஷிங்டன் மாநிலத்துல 20,095 பெண்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. கர்ப்பப்பை பிரிஞ்சது, வலியே வராம மறு சிசேரியன் ஆனவங்கள்ல 1000க்கு 1.6. தானா வலி வந்தவங்கள்ல 5.2. புரோஸ்டாகிளாண்டின் மருந்தால வலி வரவைச்சவங்கள்ல 24.5. கடைசி நம்பரைப் பாத்து நானே கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன்.

அதுக்கு முன்னாடியே, 1999ல, அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கம் அவசர ஆபரேஷனுக்கான டாக்டர் 'உடனடியா' கிடைக்கணும்னு விதியை இறுக்கியிருந்துச்சு. சின்ன ஆஸ்பத்திரிகள் எங்களால ஆகாதுன்னு கதவை மூடிட்டாங்க. 2004ல வீபேக் 100க்கு 10க்கும் கீழ வந்துடுச்சு.

அதே 2004ல வந்த ஒரு பெரிய ஆய்வுதான் எனக்குக் கையில பிடிச்சுக்க ஒரு கயிறு. முயற்சி பண்ணின 17,898 பெண்கள்ல 73.4% பேருக்குச் சுகப்பிரசவம். கர்ப்பப்பை பிரிஞ்சது 0.7%. பிராணவாயு கிடைக்காம மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் 12. வலி வராமலே மறு சிசேரியன் பண்ணிக்கிட்டவங்க பக்கம் அது பூஜ்யம். அந்தப் பன்னெண்டை மறைச்சுட்டு எழுபத்தி மூணை மட்டும் சொல்றது நேர்மை இல்ல. அதே மாதிரி, மறு சிசேரியன் ஆபத்தே இல்லாததுன்னு சொல்றதும் நேர்மை இல்ல. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைச்சு உக்காந்துட்டா, அது பழைய தழும்புல ஊடுருவி ஒட்டிக்கிற அபாயம் ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஏறுது. 2006ல வந்த ஆய்வுப்படி அப்படிப்பட்டவங்கள்ல ரெண்டாவது சிசேரியன்ல 11%, மூணாவதுல 40%.

நம்ம துறைக்காரங்களுக்கு ஒரு கொசுறு. 2007ல, ஒரு பெண்ணுக்கு வீபேக் வெற்றியாகிற வாய்ப்பைக் கணக்குப் போட்டுச் சொல்ற ஒரு கால்குலேட்டர் வந்துச்சு. வயசு, எடை, முதல் சிசேரியன் ஏன் நடந்துச்சு எல்லாம் கேக்கும். கூடவே இனமும் கேக்கும். மத்ததெல்லாம் ஒண்ணா இருந்தாலும் கறுப்பினப் பெண், ஹிஸ்பானிக் பெண்ணுன்னா மதிப்பெண் குறையும். குறைஞ்ச எண்ணைப் பாத்துட்டு டாக்டர் முயற்சியே வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்? 2021லதான் இனத்தை எடுத்துட்டுப் புது வடிவம் வந்துச்சு. ஒரு இஃப் கண்டிஷனை நீக்க பதினாலு வருஷம்.

இது தூர தேசத்துக் கதைன்னு நினைக்காதீங்க. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல சிசேரியன் 2015-16ல 34.1%, 2019-21ல 44.9%. தனியார் ஆஸ்பத்திரிகள்ல மட்டும் 63.8%. இவங்கள்ல ரெண்டாவது பிள்ளை பெத்துக்கிற ஒவ்வொருத்தர் முன்னாலயும் இந்தக் கேள்வி வந்து நிக்கும். பலருக்கு அதுக்குப் பதில், "நல்ல நாள் பாத்துட்டு வாங்க."

ஒண்ணு சொல்லிடறேன். 'அந்தக் காலத்துல எல்லாம் வீட்டுலயே...'ன்னு கொசுவத்தி சுத்துற ஆள் நான் இல்ல. எங்க ஆச்சி ஏழு பெத்தா. மிஞ்சினது அஞ்சு. நார்மல்னா வீரம், சிசேரியன்னா சோம்பேறித்தனம்னு எவராவது பேசினா எனக்குக் கோபம்தான் வரும். என் மக உயிரோட இருக்கிறதே அந்தக் கத்தியாலதான். நான் கேட்டது என் வயித்துல என்ன மாதிரி வெட்டு இருக்கு, எனக்கு என்ன வாய்ப்புன்னு யாராவது ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கன்னு மட்டும்தான்.

அதுக்கு முதல்ல பழைய ஆபரேஷன் குறிப்பு வேணும். வெளித்தழும்பு குறுக்கா இருந்தா உள்ள இருக்கிறதும் குறுக்காத்தான் இருக்கும்னு நிச்சயம் இல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில எல்லாம் அது தெளிவா இருக்காது. முதல் பிரசவம் பாத்த இடத்துக்கு ரெண்டு தடவை அலைஞ்சு, ரங்கமணியைக் கிளார்க் முன்னாடி உக்கார வச்சு, ஒரு நகல் வாங்கினோம். கீழ் பாகம், குறுக்கு வெட்டு, ரெண்டு அடுக்குத் தையல். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தாலும் என் வாழ்க்கையில நான் இவ்வளவு சந்தோஷமா படிச்ச டாக்குமெண்டேஷன் வேற இல்ல.

அதை எடுத்துக்கிட்டு வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம். அவங்க தலையைத் தூக்கிப் பாத்தாங்க. முழுசாப் படிச்சாங்க. முயற்சி பண்ணலாம்னாங்க, நிபந்தனையோட. தானா வலி வரணும். குழந்தை தலை கீழ இருக்கணும். வலி ஆரம்பிச்சதும் ஆஸ்பத்திரிக்கு வந்துடணும், குழந்தையோட நாடித்துடிப்பை விடாம கவனிப்பாங்க. தியேட்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் தயாரா இருக்கும். ஏதாவது சரியில்லைன்னு பட்டா அஞ்சு நிமிஷம்கூட விவாதம் கிடையாது, நேரா தியேட்டர். "முயற்சின்னுதான் சொல்றேன், உத்தரவாதம்னு சொல்லல"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. எனக்கு அவங்களைப் பிடிச்சதே அதனாலதான்.

அம்மா இன்னும் காலண்டரை மடிச்சு வைக்கல. இருக்கட்டும், ஒருவேளை தேவைப்படலாம். ரங்கமணி மட்டும் இப்பல்லாம் அந்த ஆய்வுக் கட்டுரையை என்னை விட நல்லா ஒப்பிக்கிறார்.

கிராகின் கட்டுரையில வந்த அந்தப் பெண்ணை அப்பப்ப நினைச்சுக்குவேன். முதல்ல சிசேரியன், அப்புறம் மூணு சுகப்பிரசவம். அப்படி ஒருத்தி இருந்தும், அவ இருந்த அதே கட்டுரையில இருந்துதான் எனக்கு 'முடியாது'ன்னு பதில் வந்துச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல ஒரு நாள் நான் தியேட்டர்லயும் இருக்கலாம், பிரசவ அறையிலயும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் ஏன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவேன்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவ, டாக்டர் இல்ல. இதைப் படிச்சுட்டு யாரும் முடிவெடுக்க வேண்டாம். பழைய ஆபரேஷன் குறிப்பை மட்டும் இப்பவே வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க. அனுபவம் இருக்கிற அக்காமார்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க. நல்லபடியா முடிஞ்சதும், கெட்டபடியா முடிஞ்சதும், ரெண்டுமே எனக்கு வேணும்.