லேபர் கான்ட்ராக்டா, ஃபுல் கான்ட்ராக்டா: ஒரு நெசவு வீட்டுக் கணக்கு

பழைய வீட்டை இடித்துத் திருத்திக் கட்டுவதற்கு இரண்டு வழி. சிமெண்ட், கம்பி, எம்-சாண்டை நாமே வாங்கிப் போட்டு மேஸ்திரிக்குக் கூலி மட்டும் தருவது லேபர் கான்ட்ராக்ட். பொருளும் ஆளும் அவர் பொறுப்பு, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது ஃபுல் கான்ட்ராக்ட். எது மலிவு என்றுதான் பலரும் கேட்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் பட்டுத் தறி ஓடும் வீட்டுக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது.

"கையில எவ்ளோ வச்சிருக்கீங்க?" என்பார் மேஸ்திரி. "நீங்க எஸ்டிமேட் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்" என்பார் வீட்டுக்காரர். இருப்பதைச் சொன்னால் ரேட் அதுவரை ஏறிவிடும் என்று இவருக்குப் பயம். உள்ளபடி சொன்னால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று அவருக்குப் பயம். இழுபறியில் ஒரு பொய்த் தொகை முடிவாகி, பாதி வேலையில் சண்டை வருகிறது.

லேபர் கான்ட்ராக்டை நெசவாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சங்கமோ முதலாளியோ பாவும் ஊடையும் ஜரிகையும் தர, அவர் கூலிக்கு நெய்கிறார். மேஸ்திரி நிற்கும் இடம் அவருடைய அன்றாட இடம். எடை போட்டு வாங்கிய பட்டு, சேலையாகப் போகும்போது மறுபடி தராசில் ஏறுகிறது. கழிவுக்கும் கணக்கு உண்டு. அதே மனிதர் தன் வீட்டில் இறங்கும் சிமெண்ட் மூட்டையை எண்ணாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். அரை அங்குலப் பூச்சு என்றால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை. மண் சாந்தில் எழுப்பிய பழைய சுவர் மேடும் பள்ளமுமாக இருந்தால் பூச்சு ஓர் அங்குலம் ஆகும், மூட்டையும் இரண்டாகும். இது ஏமாற்று இல்லை, சுவரின் குணம். ஆனால் முன்னாலேயே சொல்லாவிட்டால் ஏமாற்று போலத்தான் தெரியும்.

ஃபுல் கான்ட்ராக்டில் இந்தத் தலைவலி இல்லை என்பார்கள். புது வீட்டுக்குச் சரி. திருத்த வேலையில், உடைத்துப் பார்க்கும்வரை சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்தே மேஸ்திரி ரேட் போடுவார், அல்லது பிறகு 'எக்ஸ்ட்ரா வேலை' என்று தனியாக வாங்குவார்.

இந்த ஊரின் திரைலோக்கியநாதர் கோயிலே பழைய கட்டடத்தோடு புதிது சேர்ந்து வளர்ந்ததுதான். பல்லவர் கால ஆலயத்துக்கு 1387-88இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் சங்கீத மண்டபம் சேர்த்தார். அமைச்சர் கொடுத்தால் செலவு தாங்கும். கூலிக்கு நெய்பவர் வீட்டில் பெரும்பாலும் கடன்தான்.

இரண்டு எஸ்டிமேட்டிலும் வராத செலவு ஒன்று உண்டு: தறி நிற்கும் நாட்கள். ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை. பாதியில் தறியைப் பிரிக்க முடியாது, சிமெண்ட் தூசி பட்டால் பட்டு கெடும். ஆகவே மேஸ்திரி முதலில் கேட்க வேண்டியது கையிருப்பை அல்ல, "பாவு எப்போ முடியுது?" என்பதை. ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போடும்போது தறிக்கு மேலே நிற்கும் ஜக்கார்டு பெட்டிக்கு வேண்டிய உயரம், தறிக்குழியில் ஈரம் ஏறாமல் செய்யும் வேலை இரண்டும் எஸ்டிமேட்டில் தனி வரியாக வர வேண்டும். விட்டுப்போனால் வீடு அழகாகும், தறி நிற்கும்.

என் முடிவு கலப்பு வழிதான். இடிப்பும் சுவர்ப் பூச்சும் லேபர் கான்ட்ராக்ட். அளவு தெரிந்த தளமும் தரையும் பேசி முடித்த தொகைக்கு. கையிருப்பில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத வேலைக்குத் தனியே வைத்துவிட்டு, மிச்சத்தை மறைக்காமல் மேஸ்திரியிடம் சொல்லிவிடலாம். எக்ஸ்ட்ரா வேலைக்கு என்ன ரேட் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.