சாகாத சாவ்

இத்தாலியில் 'சாவ்' என்றால் வணக்கம். நம் காதுக்குத்தான் அபசகுனம். 1967-இல் பியாஜியோ அந்தப் பேரில் ஒரு 49 சிசி மொபெட்டை விட்டது. 2006 வரை செய்தது. 1972-இல் வந்த நம்மூர் லூனா இதன் உரிமத்தில் பிறந்ததுதான்.

இந்த வண்டியின் சரித்திரத்தை நான் உதிரிபாகங்கள் வழியாகத்தான் படித்தேன். அங்கே அப்போ பதினாலு வயசானால் போதும், லைசென்ஸ் இல்லாமல் மொபெட் ஓட்டலாம். வேகம் மட்டும் சட்டப்படி 40 கிலோமீட்டர். பையன்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்காகவே பொலீனி, மலோசி மாதிரி கம்பெனிகள் பெரிய சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் செய்து விற்றன. ரோட்டில் அது குற்றம். ஆனால் அந்தக் குற்றம்தான் இன்றைக்கும் வண்டியை ஓட வைக்கிறது என்பேன்: சிலிண்டரும் பிஸ்டனும் இப்பவும் புதுசாகவே கிடைக்குது.

வேகம் தராத சாமான்தான் பாடு. பக்க மூடி, டெயில் லேம்ப் எல்லாவற்றையும் யாரும் அவ்வளவு அக்கறையாகத் திரும்பச் செய்யவில்லை. அசல் வேண்டுமென்றால் இமோலா ரேஸ் மைதானத்தில் கூடும் பழைய வண்டிச் சந்தையில் குப்பையைக் கிளற வேண்டும். பெட்ரோல் டேங்க் இன்னும் மோசம். அது தனியாக இல்லை, தகட்டுச் சட்டத்துக்குள்ளேயே இருக்கு. துரு பிடித்தால் கழற்றி மாற்ற வழியில்லை; உள்ளே நட்டுகளைப் போட்டு, வண்டியையே குலுக்கிக் கழுவ வேண்டியதுதான்.