மாடியறையில் ஒரு மன்றம்: இங்கிலாந்து நாட்டுப்புற இசை மன்றங்களின் வரலாறு

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயர் வட்டாரத்தில், கம்பளி ஆலைகளால் வளர்ந்த நகரம் பிராட்ஃபோர்டு. அந்நகரில் 1956ஆம் ஆண்டு அலெக்ஸ் ஈட்டன் என்பவரால் தொடங்கப்பெற்ற 'டாபிக்' நாட்டுப்புற இசை மன்றம் 2006இல் பொன்விழா ஆண்டையும், 2016இல் வைரவிழா ஆண்டையும் எட்டியது. இடையறாது நடந்துவரும் இத்தகைய மன்றங்களுள் உலகிலேயே மூத்தது தானே என்று அது உரிமை கொண்டாடுகிறது. இத்துணைப் பெருமைக்குரிய மன்றத்திற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஒரு மதுவிடுதியின் அறையிலிருந்து மற்றொன்றிற்கு என, குடக்கூலி வீட்டார்போல் இடம்பெயர்ந்தே அது முதுமை எய்தியிருக்கிறது.

இம்மன்றங்களின் ஆண்டுவிழா எதனைக் கொண்டாடுகிறது என்பதை அறிய வேண்டுமாயின், அவற்றின் கூட்டம் நடைபெறும் முறையை முதலில் அறிதல் வேண்டும். வாரம் ஒருநாள், பெரும்பாலும் மதுவிடுதியின் மாடியறை அல்லது பின்னறை. வாயிலில் சிறு கட்டணம். செலவை ஈடுகட்ட ஒரு குலுக்கல் சீட்டு. அழைக்கப்பெற்ற விருந்துப் பாடகர் பாடுவதற்கு முன்னர், உள்ளூரார் ஒவ்வொருவராக எழுந்து ஒன்றிரண்டு பாடல்கள் பாடுவர். இவர்களுக்கு 'ஃப்ளோர் சிங்கர்' என்று பெயர். அவையோரோடு அமர்ந்திருந்து, முறை வரும்போது எழுந்து பாடிவிட்டு, மீண்டும் அவையோராகவே அமர்ந்துவிடுபவர்கள் இவர்கள். பல்லவி வரும்போது அறை முழுவதும் சேர்ந்து பாடும். பலவிடங்களில் ஒலிபெருக்கியும் இராது. ஆண்டுவிழா நாளில் பழைய உறுப்பினர் திரும்பி வருவதால் அறை நிரம்பும். முறை வருவதற்கு நேரமாகும். மற்றபடி அதுவும் பாட்டு நாளே.

இந்த எளிய நடைமுறைக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. பாட்டு யாருடையது என்பதே அவ்வழக்கு.

1898இல் இலண்டனில் நாட்டுப்புறப் பாடல் சங்கம் தோன்றியது. அதன் முதற்செயலாளர் கேட் லீ என்னும் பெண்மணி. அவர் அதே ஆண்டில் சசெக்ஸ் கடற்கரையிலுள்ள ராட்டிங்டீன் சிற்றூருக்குச் சென்று, காப்பர் குடும்பத்துச் சகோதரர் இருவரைப் பாடச்செய்து எழுதிக்கொண்டார். ஒருவர் பண்ணை மேற்பார்வையாளர். மற்றவர் மதுவிடுதி நடத்தியவர். மேசைமேல் ஒரு விஸ்கிப் புட்டி வைக்கப்பட்டிருந்ததாகவும் செய்தி உண்டு. பாடியவர் இருவரையும் சங்கம் மதிப்புறு உறுப்பினராக ஏற்றது. கேட் லீ சில ஆண்டுகளில் நோயுற்று 1904இல் மறைந்தார். பின்வந்த ஆடவரின் புகழில் அவர் பெயர் நெடுநாள் மங்கிக்கிடந்தது.

அங்ஙனம் புகழ்பெற்றவருள் தலையாயவர் செசில் ஷார்ப். 1903இல் சாமர்செட் வட்டாரத்து ஹாம்பிரிட்ஜ் என்னும் ஊரில், பாதிரியார் இல்லத்துப் புல்வெளியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் தமக்குள் பாடிய பாடலை அவர் கேட்டார், உடனே குறித்துக்கொண்டார். அன்று மாலையே அப்பாடல் பியானோ இசையோடு ஒரு விருந்தில் வேறொருவரால் பாடப்பெற்றது. அப்பாடல் விருந்துடை பூண்டது அன்றுதான் முதன்முறை என்று அங்கிருந்தோர் ஒருவர் சொன்னாராம். தோட்டக்காரருக்குப் பெருமைதான், ஆயினும் அந்த உடைபற்றி அவருக்கு ஓர் ஐயம் இருந்ததென்பர். ஷார்ப்பின் தொண்டை எவரும் மறுத்தற்கியலாது. ஆயிரக்கணக்கான பாடல்கள் அவரால் அழியாது நின்றன. எனினும் பாடல் பள்ளிக்கும் வரவேற்பறைக்கும் போயிற்று. பாடியவர் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்.

தமிழ்ப் பாடல்களுக்கும் இவ்வகையில் ஆங்கிலேயத் தொடர்பு உண்டு. சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டது 1871இல். இலண்டன் சங்கம் தோன்றுதற்கு 27 ஆண்டுகள் முன்னர். அவர் தொகுத்தவற்றுள் பல ஏட்டிலக்கியமே என்பது வேறு செய்தி. பின்னர் பெர்சி மாக்வீன் என்ற அதிகாரி தொகுத்த பாடல்கள் கி. வா. ஜகந்நாதன் பதிப்பில் 'மலையருவி' என 1958இல் வெளிவந்தன. பாடியவர் பெயர் பெரும்பாலும் மறைந்துபோன வரலாறு இங்கும் அங்கும் ஒன்றே.

பாடலை மீண்டும் மதுவிடுதிக்கு அழைத்துவந்தது புலமையன்று. ஓர் இளைஞர் மோகம். லானி டானகன் பாடிய அமெரிக்க இருப்புப்பாதைப் பாடல் 1956இல் பெருவெற்றி பெற்றது. ஒரு கிட்டார், ஒரு துணி துவைக்கும் பலகை, ஒரு தேயிலைப் பெட்டி இருந்தால் இசைக்குழு அமைத்துவிடலாம் என்ற துணிவு ஊர்தோறும் பரவியது. 'ஸ்கிஃபிள்' எனப்பட்ட அம்மோகம் சில ஆண்டுகளில் அடங்கிற்று. அதனால் பாடத் துணிந்தவர் அடங்கவில்லை. மன்றங்கள் பெருகின.

இலண்டனில் யுவான் மெக்கால் நடத்திய மன்றத்தில் அப்போது ஒரு பூசல் எழுந்தது. இலண்டன் கொச்சையில் பேசும் ஒருவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட்பெல்லியின் பாடலைப் பாடியபோது, அமெரிக்கரான பெக்கி சீகர் சிரிப்பை அடக்க இயலாது தவித்தார். அதிலிருந்து பிறந்தது ஒரு விதி: அவரவர் தம் மொழியிலும் மரபிலும் உள்ள பாடல்களையே மன்ற மேடையில் பாடுதல் வேண்டும். இதனை அடக்குமுறை என்று வெகுண்டவர் பலர். விதி வகுத்தவரே ஜேம்ஸ் மில்லர் என்ற பெயரோடு இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிறந்து, ஸ்காட்லாந்துப் பெற்றோரின் மரபைத் தமதாக்கிப் பெயரையும் மாற்றிக்கொண்டவர் என்பதைச் சுட்டி நகைத்தவரும் உளர். விதி கடுமையானதே. ஆயினும் அதன் பயனை மறுத்தல் நேர்மையாகாது. தன்னூர்ப் பாடல் எது என்று தேடுமாறு அது ஓர் இளந்தலைமுறையை விரட்டியது.

அத்தேடலின் சிறந்த விளைவு ஹல் என்னும் மீன்பிடித் துறைமுகத்தைச் சேர்ந்த வாட்டர்சன் குடும்பம். நார்மா, மைக், லால் என்னும் உடன்பிறந்தார் மூவரும் உறவினர் ஜான் ஹாரிசனும் முதலில் ஸ்கிஃபிள் பாடியவர்களே. பின்னர் இசைக்கருவி எதுவுமின்றி, நான்கு குரல்கள் ஒன்றையொன்று உரசிச்செல்லப் பாடினர். ஆண்டின் பருவச் சடங்குகளுக்குரிய பாடல்களைக் கொண்ட அவர்களின் 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்' இசைத்தட்டு 1965இல் வந்தது. அக்குரல்களில் மெருகு குறைவு; கேட்டவர் அதனை மறப்பதும் அரிது. தம் ஊரில் அவர்களே ஒரு மன்றத்தை நடத்தினர் என்பது இங்குக் கருதத்தக்கது. அமெரிக்கரான பால் சைமன் பெரும்புகழ் பெறுமுன் 1965இல் ஊர் ஊராகப் பாடிப் பிழைத்ததும் இத்தகைய மன்றங்களில்தான்.

சட்டமும் இம்மன்றங்களை விட்டுவைக்கவில்லை. 1964ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, மதுவிடுதியில் இருவர் வரை பாடத் தனி உரிமம் வேண்டா. மூன்றாமவர் சேர்ந்தால் வேண்டும். பல்லவியை அறையே பாடும் ஒரு கலைக்கு இந்தக் கணக்கு எவ்வாறு பொருந்தும்? 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அவ்விருவருக்கும் உரிமம் கேட்டது. சிறு அரங்குகளுக்கு 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டமே மூச்சுவிட இடமளித்தது.

சட்டத்தினும் கூர்மையான குறை உள்ளிருந்து எழுந்தது. எவரும் பாடலாம் என்பதால் எப்படியும் பாடலாம் என்றாகிவிட்டது; நாட்டுப்புறப் பாட்டுக்கு இது போதும் என்ற சொல் இசைவாணரிடையே கேலித்தொடராயிற்று. சுருதி சேராக் கிட்டார், பாதியில் மறந்த அடி, அன்போடு கைதட்டும் நண்பர் கூட்டம். இந்த அன்பு புதியவரைப் பாடவைக்கிறது. அதே அன்பு பழையவரைத் திருத்தாமலும் விடுகிறது. 1970களுக்குப் பின் மன்றங்கள் குன்றியமைக்கு இதனை மட்டும் காரணமாகச் சொல்வது மிகை. முதலில் வந்த இளைஞரே இறுதிவரை உறுப்பினராயிருந்து முதுமையுற்றதும் ஒரு காரணம். ஆயினும் தோட்டக்காரர் பாடியபோது அவர் பாட்டில் சோர்வு இருந்திருப்பின், செசில் ஷார்ப் எழுதுகோலை எடுத்திருப்பாரா?

2020இல் பெருந்தொற்று மதுவிடுதிகளை மூடியது. மன்றங்கள் பல கணினித் திரைக்கு மாறின. அங்கே ஒருவர் பாடலாம். மற்றவர் சேர்ந்து பாட இயலாது. ஒலி சற்றே பிந்தி வருவதால் குரல்கள் ஒன்றாகா. ஆகவே ஒலிவாங்கியை அடைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில், எவரும் கேளாதவாறு பல்லவியைப் பாடினர்.