எழுதும்போதே கரன்ட் போனால் டேட்டா என்னாகும்? 'அட்டாமிக் ரைட்' இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

கம்ப்யூட்டர் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பொசுக்குனு கரன்ட் போனால், பாதி புதுசு, பாதி பழசுன்னு கிடக்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் வழக்கமாக 16 கேபி பக்கங்களாக எழுதும். பல டிஸ்க்குகள் முழுசா எழுதுவதாக உறுதி தருவது 4 கேபிக்குத்தான். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தையும் அது இரண்டு முறை எழுதுகிறது. பாதுகாப்புதான், ஆனா இரட்டை வேலை.

'எழுதினா முழுசா எழுது, இல்லைன்னா தொடாதே' என்பதே அட்டாமிக் ரைட். லினக்ஸில் 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பு, எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்களுக்கு இதைக் கொடுத்தது. ஆனால் ஒரே ஒரு பிளாக்குக்கு மட்டும். பல பிளாக்குகளைச் சேர்த்து எழுதும் வசதி 6.16-ல்தான் வந்தது.

உங்க சிஸ்டத்தில் இருக்கா? 'ஸ்டேட்எக்ஸ்' மூலம் ஃபைலைக் கேட்டால், ஒரே மூச்சில் எழுதக்கூடிய அதிகபட்ச அளவைச் சொல்லும். பூஜ்யம் என்றால் வசதியே இல்லை. 16384-க்குக் குறைவென்றால் மைஎஸ்கியூஎல்லின் 16 கேபி பக்கத்துக்கு உதவாது. அந்த அளவைத் தாண்டி எழுதச் சொன்னால் பிழை காட்டி மறுக்கணும். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டால்தான் ஆபத்து.

நிஜமான பரீட்சை, எழுதும்போதே மின்சாரத்தைத் துண்டித்து, திரும்ப ஆன் செய்து படிப்பது. முழுசா பழசு இருக்கலாம், முழுசா புதுசும் இருக்கலாம், கலந்திருந்தால் ஃபெயில். ஒரு தடவை பாஸானால் போதாது, துண்டிக்கும் நொடியை மாற்றி மாற்றிப் பார்க்கணும். முக்கியமான ஃபைல் எதுவும் இல்லாத மெஷினில் மட்டும் செய்யுங்க.