ஓடும்போது உடைந்த காலுக்கு யார் பொறுப்பு?

1816-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஜோன்ஸ் எதிர் பாய்ஸ் என்று பெயர். குதிரை வண்டி போய்க்கொண்டிருக்கும்போது கடிவாள வார் அறுந்துவிட்டது. வண்டி கவிழப் போகிறது என்று பயந்து ஒரு பயணி கீழே குதித்தார், கால் முறிந்தது. ஆனால் வண்டி கவிழவே இல்லை! குதிக்காமல் இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. "குதித்தது உன் தப்பு" என்று வண்டிக்காரர் தப்பித்துவிடலாம் அல்லவா?

நீதிமன்றம் விடவில்லை. வண்டியைச் சரியாக வைத்திருக்காமல் அந்தப் பயணியை ஆபத்தில் தள்ளியது யார்? அந்தப் பயத்தில் அவர் செய்தது நியாயமான காரியம் என்றால் வண்டிக்காரர்தான் பொறுப்பு. கால் முறிந்தவருக்கே வெற்றி.

இருநூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் கதை எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஆலைகளின் ஓரத்தில் வாழும் எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நேரம். எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. சுற்றுச்சூழல் சேதத்துக்காக ரூ.5.92 கோடி என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்குப் போட்டது.

அது சுற்றுச்சூழலுக்கான கணக்கு. ஓடியபோது விழுந்து கை உடைந்தவருக்கு என்ன வழி? அதற்குச் சட்டம் வளர்ந்த கதையைப் பார்க்க வேண்டும்.

முதல் படி, 1868. ரைலாண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கு. ஒரு மில் முதலாளி கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைத்தவர், அது வெளியேறினால் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. ஆனால் இயற்கைச் சீற்றம், மூன்றாம் ஆளின் செயல் என்று சில விதிவிலக்குகள் இருந்தன.

இரண்டாம் படி, 1984 டிசம்பர், போபால். விஷவாயுவில் மட்டுமல்ல, ஓடிய கூட்டத்தின் நெரிசலிலும் மக்கள் இறந்தார்கள். ஒரு வருடம் கழித்து 1985 டிசம்பர் 4-ல் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி.மேத்தா வழக்கில் 1986 டிசம்பர் 20-ல் தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் "முழுமையான பொறுப்பு" என்ற கொள்கையை அறிவித்தார்கள். ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது. கம்பெனி எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய இழப்பீடு!

மூன்றாம் படி, 1991-ன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலை கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. சட்டம் வந்தபோது மரணத்துக்கு ரூ.25,000, மருத்துவச் செலவுக்கு ரூ.12,500 வரை. சின்னத் தொகைதான். ஆனால் இது உடனடி நிவாரணம் மட்டுமே, பெரிய இழப்பீடு கேட்கும் உரிமை அதோடு போய்விடாது. நான்காம் படி, 2010-ன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். அங்கும் "தப்பு நிரூபிக்கத் தேவையில்லை" என்பதே விதி.

இதை வைத்து, ஓடியபோது அடிபட்டவருக்கு இருக்கும் வழிகள்:

1. கலெக்டரிடம் மனு. கும்மிடிப்பூண்டி என்றால் திருவள்ளூர் கலெக்டர். எண்ணூர் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டதால் அங்கே சென்னை கலெக்டர். விபத்து நடந்தது தெரிந்தால் கலெக்டரே விசாரித்து, மனு கொடுங்கள் என்று விளம்பரம் செய்ய வேண்டும் என்கிறது 1991 சட்டம். இது பலருக்கும் தெரியாது!

2. பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவச் செலவு, ஊனம், கூலி இழப்பு எல்லாம் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு இழப்பீட்டு மனுவுக்குக் கட்டணம் இல்லை.

3. உயர்நீதிமன்றத்தில் ரிட். அரசின் தவறால் உயிருரிமை பாதிக்கப்பட்டால் அரசே பணம் தர வேண்டும் என்பதற்கு 1983-ன் ருதுல் ஷா வழக்கு வழிகாட்டி. 1989-ன் அபாயகர ரசாயன விதிகளின்படி, ஆலைக்கு வெளியே மக்களை எப்படிக் காப்பது என்ற திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் தயாராக இருக்க வேண்டும். என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியுள்ள மக்களுக்கு ஆலை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்றே யாரும் சொல்லித் தரவில்லை என்றால் அதையே கேள்வியாக்கலாம்.

4. ஓடும்போது வாகனம் மோதியிருந்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். மோதியது எந்த வண்டி என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் கொடுங்காயத்துக்கு ரூ.50,000 உண்டு.

5. ஆலைத் தொழிலாளி என்றால் வழி வேறு. மேலே சொன்ன முதல் இரண்டு சட்டங்களும் "தொழிலாளி நீங்கலாக" என்றே சொல்கின்றன. அவருக்கு இ.எஸ்.ஐ. அல்லது 1923-ன் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெளியுலகிலும் இதே கேள்விதான். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் காட்டுத்தீயில் அழிந்து 85 பேர் இறந்தார்கள். காரணம் பி.ஜி.அண்ட்.இ. கம்பெனியின் பழைய மின்கம்பி. அந்தத் தீயும் அதற்கு முந்தைய சில தீவிபத்துகளும் சேர்ந்து 13.5 பில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தன. 2020 மே 7-ல் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி.பாலிமர்ஸ் ஸ்டைரீன் கசிவில் 12 பேர் இறந்தபோது, மறுநாளே ரூ.50 கோடி கட்டச் சொன்னது பசுமைத் தீர்ப்பாயம். புகைமூட்டத்தில் ஓடிக் கிணற்றில் விழுந்தவரைப் பற்றியும் அன்று செய்தி வந்தது. 1816-ன் குதிரை வண்டிப் பயணியும் அவரும் ஒன்றுதானே?

சிக்கல் சாட்சியத்தில்தான். நெருப்பு என்றால் சாம்பலாவது மிஞ்சும். அம்மோனியா விடிவதற்குள் காற்றோடு போய்விடும். மிஞ்சுவது மருத்துவமனைச் சீட்டு மட்டும்தான். அதில் "கீழே விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். "வாயுக் கசிவிலிருந்து ஓடியபோது விழுந்தார்" என்று டாக்டரிடம் சொல்லி எழுத வைப்பது முக்கியம். வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு, மருந்து பில், பக்கத்து வீட்டார் பெயர், இவையெல்லாம் ஒரு கவரில் இருக்க வேண்டும்.

இன்னொன்று காலக்கெடு. கலெக்டரிடமும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் ஐந்து வருடம். எண்ணூர் மக்களுக்கு அந்தக் கணக்கு 2028 டிசம்பரில் முடிகிறது. அதற்குள் அந்தப் பழைய மருத்துவமனைச் சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.