கறுப்பு வெள்ளை அச்சுத்தாள்

நெகட்டிவிலிருந்து இருட்டறையில் பிரிண்ட் போடப் பயன்படும் தாள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் புரோமைடு பேப்பர் என்பார்கள். தாளின் மேல் ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புகள் பூசப்பட்டிருக்கும். அந்த உப்பு குளோரைடாக இருந்தால் தாள் வேகம் குறைந்தது. நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அச்சிடவே ஏற்றது. என்லார்ஜருக்கு வேகமான புரோமைடு உகந்தது. இரண்டும் கலந்த குளோரோபுரோமைடில் கறுப்பு சற்றே பழுப்போடி வரும். முகப்படத்துக்கு அழகாக இருக்கும்.

தாளைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்கவேண்டியது நெகட்டிவை. மேகமூட்டத்தில் எடுத்த, வெளிச்சமும் நிழலும் அதிகம் வேறுபடாத நெகட்டிவுக்குக் கான்ட்ராஸ்ட் கூடிய 4ஆம் கிரேடு தாள் வேண்டும். உச்சிவெயிலில் வெள்ளைச் சட்டையும் கருநிழலும் சேர்ந்து விழுந்த நெகட்டிவுக்கு 1ஆம் கிரேடு. அளவாக எடுத்து அளவாகக் கழுவியதற்கு 2 போதும். முன்பு ஒவ்வொரு கிரேடிலும் ஒரு பெட்டி வைத்திருக்க வேண்டியிருந்தது. 1940இல் இல்ஃபோர்டு கொண்டுவந்த மல்டிகிரேடு தாள் அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. இன்றைய மல்டிகிரேடு தாளின் பூச்சில் உள்ள பகுதிகள் யாவும் நீல ஒளியை உணரும். பச்சை ஒளியை உணரும் திறன் மட்டும் பகுதிக்குப் பகுதி வேறுபடும். மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுப்பதால் கான்ட்ராஸ்ட் குறைகிறது. மெஜந்தா பச்சையைத் தடுப்பதால் கூடுகிறது. வானத்துக்கு ஒரு ஃபில்டர், தரைக்கு வேறொன்று என ஒரே தாளில் இரண்டு கிரேடு போடலாம். தொடங்குபவர் வேறெதையும் யோசிக்காமல் இதையே வாங்கலாம். பச்சையையும் உணர்வதால், சாதா கிரேடு தாளுக்குப் போடும் ஒவ்வொரு விளக்கும் இதற்கு ஆகிவிடாது. உற்பத்தியாளர் சொல்லும் சேஃப் லைட்டே வேண்டும்.

அடுத்தது அடித்தாள். பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. தாள் ரசாயனத்தை உறிஞ்சாது. ஓடும் நீரில் 2 நிமிடம் அலசினால் போதும், சுருளாமல் காயும். பேரியம் சல்பேட் பூசிய ஃபைபர் தாளின் நாருக்குள் ஹைப்போ (ஃபிக்ஸர் ரசாயனம்) இறங்கிவிடும். அதை வெளியேற்றத் துணைக்கரைசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்வரை அலச வேண்டும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் இது சிறிய விஷயமல்ல. ஈரத்தில் சரியாகத் தெரியும் படம் காய்ந்ததும் சற்றுக் கருக்கும் என்பதால், சோதனைத் துண்டை உலர்த்திப் பார்த்தே நேரத்தை முடிவு செய்ய வேண்டும். இத்தனைக்குப் பிறகும் கண்காட்சிக்கும் நீண்டகாலச் சேமிப்புக்கும் ஃபைபர் தாளே சிறந்தது. கறுப்பின் ஆழம் அதில் தனி.

மேற்பரப்பு பெரும்பாலும் விருப்பத்தைப் பொறுத்தது. கிளாஸியில் கறுப்பு அடர்த்தியாகத் தெரியும். மேட் தாளில் ஒளி பளபளத்துப் பிரதிபலிக்காது.

உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் தயாரித்துவந்த தாள் இப்போது உற்பத்தியில் இல்லை. கோடாக் 2005இல் கறுப்பு வெள்ளைத் தாளைக் கைவிட்டது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டும் செக் நாட்டின் ஃபோமாவும் தொடர்ந்து தயாரிக்கின்றன. பழைய பெட்டி கிடைத்தால் ஒளி படாத ஒரு தாளை இருட்டிலேயே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நேரே ஃபிக்ஸரிலும் மறுபாதியை டெவலப்பரில் நனைத்தபின் ஃபிக்ஸரிலும் இட வேண்டும். இரண்டாவது பாதி சாம்பல் பூத்திருந்தால் அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.